அம்பாசிடர் பின் பட்டை புஷ் எட்டே மாசத்துல போயிடுச்சு, இந்தத் தடவை வீட்டுலயே மாத்தலாம்னு இருக்கேன்

பாமணியாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்துல கிராமம். எங்ககிட்ட இருக்கறது 1986 மார்க் 4 பெட்ரோல் அம்பாசிடர். அப்பா செகண்ட்ஸ்ல வாங்கினது. என் தங்கச்சி பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு இந்த வண்டியிலதான் வந்தா. இப்ப அவளுக்கு வைகாசியில வளைகாப்பு. புகுந்த வீட்டுலேருந்து அவளை அழைச்சுக்கிட்டு வர்றதும் இதே வண்டியிலதான்னு அப்பா சொல்லிட்டாரு. எனக்கும் அதுதான் ஆசை.

போன ஆவணியில பின் பட்டை ஸ்பிரிங்குக்கு, அதான் பின் ஆக்சிலுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற இரும்புப் பட்டை அடுக்குக்கு, எல்லா புஷ்ஷும் (பட்டை நுனியில போல்ட்டைச் சுத்தி வர்ற ரப்பர் உறை) புதுசா போட்டோம். ஒரு பட்டறையில விட்டு ரெண்டு நாள்ல எடுத்தோம். மழைக்காலம் முடியுற வரைக்கும் சத்தமே இல்லை. தைப் பொங்கலுக்கு அப்புறம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல தண்டவாளத்தைத் தாண்டுறப்ப பின்னாடி "கடக்"னு ஒண்ணு கேட்டுச்சு. மாசியில வேகத்தடைக்கு வேகத்தடை கேக்க ஆரம்பிச்சிடுச்சு. இப்ப சித்திரை. பிரேக் அடிச்சா பின்பக்கம் லேசா இடதுபக்கம் ஒதுங்குது. வளைவுல முன்பக்கம் திரும்பின பிறகு பின்பக்கம் ஒரு நொடி தாமதிச்சு வர்ற மாதிரி இருக்கு. அம்மா பின் சீட்டுல உக்கார பயப்படறாங்க.

நேத்து டார்ச் அடிச்சு கீழ படுத்துப் பார்த்தேன். இடதுபக்கம் பட்டையோட முன் கண்ணுல, அதாவது போல்ட் நுழையற சுருட்டின நுனியில, நடுவுல இருக்க வேண்டிய உள் குழாய் கீழ இறங்கிக் கிடக்கு. மேல பிறை நிலா மாதிரி ஒரு இடைவெளி, நகம் நுழையுது. பின்னாடி, பட்டை நுனியைப் பாடியோட இணைக்கற ஷாக்கிள்ல இருக்கற ரப்பர் ஓரமா பிதுங்கி நிக்குது. தொட்டா பலாப்பழப் பால் மாதிரி கையில ஒட்டுது. எட்டு மாசத்துல ரப்பர் இப்படி ஆகுமா? கடையில போலி ஜாமான் குடுத்துட்டாங்களா?

என்கிட்ட ஒரு பாட்டில் ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்டு, மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர் செட்டு, பெஞ்ச் வைஸ், கடப்பாரை இருக்கு. நெல் காயப்போடுற சிமெண்டுக் களம் இப்ப காலியா இருக்கு. பைக் வேலை எல்லாம் நானே பார்ப்பேன், காருக்குக் கீழ இறங்கினது இல்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்தா நாத்தங்கால் வேலை வந்துடும். அதுக்குள்ள முடிக்கணும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

குடந்தை மார்க் 2:

நண்பரே, கழட்டுறதுக்கு முன்னாடி சத்தம் எங்கேருந்து வருதுன்னு முடிவு பண்ணிக்குங்க. பட்டையை ஆக்சிலோட சேர்த்துப் பிடிக்கற யு போல்ட் தளர்ந்தாலும் இதே கடக் வரும். பட்டை அடுக்கை நடுவுல கோக்கற சென்டர் போல்ட் உடைஞ்சாலும் வரும், அப்ப ஆக்சிலே முன்ன பின்ன நகரும். ரெண்டு பக்கமும் பின் சக்கரத்தோட நடுப்புள்ளியிலேருந்து பாடியில ஒரே மாதிரியான ஒரு இடத்துக்கு டேப் வச்சு அளந்து பாருங்க. என் வண்டியில புஷ் புஷ்னு ரெண்டு தடவை மாத்தினேன். கடைசியில பார்த்தா சைலன்சர் குழாயோட தொங்கல் ரப்பர் அறுந்து ஆக்சில்ல இடிச்சிருக்கு.

உங்க விஷயத்துல உள் குழாய் இறங்கியிருக்குன்னா புஷ் போனது நிச்சயம். ஆனா அது மட்டும்தானான்னு பார்த்துக்குங்க.

நாகை பழைய பட்டறை:

தம்பி, நாகப்பட்டினத்துல முப்பத்தோரு வருஷமா பட்டறை வச்சிருக்கேன். தொழில் கத்துக்கிட்டதே அம்பாசிடர்லதான். நீங்க எழுதினதைப் பார்த்தா ஜாமான் மேல எனக்குச் சந்தேகம் வரலை. வண்டியைத் தூக்கி வச்சபடியே நட்டை முறுக்கியிருக்காங்க. ரப்பர்ல கிரீஸும் தடவியிருக்காங்க. இந்த ரெண்டும் சேர்ந்தா எந்த நல்ல புஷ்ஷும் ஒரு வருஷம் தாண்டாது.

முறுக்குற விஷயத்தை முதல்ல சொல்றேன், இதுதான் உயிர். முன் கண் புஷ்ஷை உள்ளங்கையில வச்சுப் பாருங்க. வெளியில ஒரு இரும்பு உறை, உள்ள ஒரு இரும்புக் குழாய், ரெண்டுக்கும் நடுவுல ரப்பர், ரெண்டுலயும் ஒட்டிக்கிட்டு இருக்கும். உள் குழாய் பட்டையோட கண்ணைவிட ஒரு இழை நீளமா இருக்கும். அது எதுக்குன்னா, போல்ட்டை முறுக்குறப்ப பாடியில இருக்கற தாங்கி அந்தக் குழாயைத்தான் ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கணும். பிடிச்ச பிறகு குழாய் சுத்தாது, சுத்தவும் கூடாது. சக்கரம் ஏறி இறங்குறப்ப பட்டையோட கண் திரும்புதில்லையா, அந்தத் திருப்பத்தை முழுக்க ரப்பர் முறுகித் தாங்கிக்கிட்டு, மறுபடி தன் நிலைக்கு வருது. தேய்மானமே இல்லாத ஏற்பாடு. அதனாலதான் எண்ணெய் போடாம வருஷக்கணக்கா ஓடுது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்குறப்ப முறுக்கிட்டா, தொங்குற நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை ஆயிடும். வண்டியைக் கீழ இறக்கின அந்த நிமிஷமே ரப்பர் ஒரு பக்கமா முறுகிடும். கொட்டகையில சும்மா நிக்கற ராத்திரி முழுக்க முறுகியேதான் நிக்கும். அதுக்கு மேல பள்ளம் மேடு வந்தா இன்னும் முறுகும், கிழியும். கழட்டினதும் பாருங்க, கிழிசல் நேரா இருக்காது. புரி மாதிரி சாய்வா சுத்தி ஓடியிருக்கும்.

ரெண்டாவது கிரீஸ். பெட்ரோலிய கிரீஸ், எஞ்சின் ஆயில், டீசல் எதுவா இருந்தாலும் இயற்கை ரப்பர் உறிஞ்சி ஊதிக்கும். ஊதினது மெத்துனு ஆகி பிசுபிசுக்கும். நீங்க சொன்ன பலாப்பால் அதுதான். புஷ் லேசா ஏறணும்னு நல்ல எண்ணத்துல தடவுறாங்க, அதுவே அதுக்கு விஷம். சோப்புத் தண்ணி போதும், காஞ்சதும் ரப்பர் பிடிச்சுக்கும். ரொம்ப இறுக்கமா இருந்தா ஒரு சொட்டு விளக்கெண்ணெய். அது ரப்பரைக் கெடுக்காது, அந்தக் காலத்து பிரேக் ஆயில்லயே விளக்கெண்ணெய் சேர்த்திருந்தாங்க.

வேலைக்கு வருவோம். அங்குல ஸ்பேனர் வாங்கிடுங்க. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாம் வரிசையோட வாரிசு இந்த வண்டி. உத்தரபாராவுல 2014 வரைக்கும் வெளிய வந்துச்சு. நட்டு போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனர் சேர்ற மாதிரிதான் இருக்கும், துருப்பிடிச்ச நட்டுல பலமா இழுத்தா மூலை மழுங்கிடும். அதுக்கப்புறம் உளி வெட்டுதான். ரெண்டு நாள் முன்னாடியே கம்பி பிரஷ் போட்டு மரையைச் சுத்தம் பண்ணி, துரு இளக்குற ஆயில் காலையும் மாலையும் அடிங்க. ஆயில் புது ரப்பர்ல படாம பிறகு துடைச்சுடணும்.

களத்துல வைக்கறது நல்லது. நம்ம ஊர் வண்டல் மண்ணுல ஜாக்கி போட்டா மேல ஏறுறதுக்குப் பதிலா கீழ இறங்கும். களத்துச் சிமெண்டும் மெல்லிசாத்தான் போட்டிருப்பாங்க, அதனால ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில கனமான பலகை குடுங்க. ஹாலோ பிளாக், செங்கல் இது மேல வண்டியை நிறுத்தவே கூடாது. வெடிச்சுடும், சத்தம் கேக்குறதுக்குள்ள முடிஞ்சுடும். முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை. ஸ்டாண்டு பாடிக்கு, பட்டையோட முன் கண்ணுக்கு முன்னாடி இருக்கற பலமான இடத்துல. ஜாக்கி ஆக்சிலுக்கு.

ஒரு சமயத்துல ஒரு பக்கம் மட்டும். அடுத்த பக்கம் பூட்டியிருந்தாதான் ஆக்சில் தன் இடத்துல நிக்கும். ஆக்சிலை ரொம்பத் தொங்க விடாதீங்க, பிரேக் ஹோஸ் இழுபடும். பட்டையில பாரமும் இல்லாம, தொங்கலும் இல்லாம ஜாக்கியை ஏத்தி இறக்கி ஒரு இடம் கண்டுபிடிங்க. அந்த இடத்துல ஷாக்கிள் போல்ட் கையால தட்டினாலே அசையும். சுத்தியல் எடுத்து அடிக்கற நிலை வந்தா ஜாக்கி உயரம் தப்புன்னு அர்த்தம். புஷ்ஷுக்கு மட்டும்னா யு போல்ட்டைத் தொட வேண்டியதில்லை.

ஷாக்கிள்ல வர்றது ரெண்டு அரைப் புஷ், தொப்பி மாதிரி, ரெண்டு பக்கத்துலேருந்தும் நுழையும். கையாலயே வந்துடும். கஷ்டம் முன் கண்ணுல. பழைய புஷ்ஷை நெருப்பு வச்சு எரிச்சுத் தள்ளுறவங்க இருக்காங்க. நீங்க அதைச் செய்யாதீங்க. பெட்ரோல் டேங்க் பின்னாடிதான் இருக்கு, புகையும் நெஞ்சுக்கு ஆகாது, பட்டையோட பதமும் போயிடும். ரப்பரைச் சுத்தி டிரில்லால ஓட்டை போட்டு உள் குழாயை உருவிடுங்க. மிச்சம் இருக்கற உறைக்குள்ள ஹேக்சா பிளேடை விட்டு நீளவாக்குல ஒரே கோடா அறுங்க. உறை முக்கால்வாசி அறுந்ததும் சுரம் மாறும். அங்க நிறுத்திடுங்க. கண்ணுல கீறல் விழுந்தா பின்னாடி அங்கதான் பட்டை உடையும். உளியால லேசா மடக்குனா உறை சுருண்டு வெளிய வரும்.

புதுசை ஏத்த அடிக்க வேண்டாம். முழுக்க மரை போட்ட கம்பி ஒண்ணு, கனமான வாஷர் நாலு, புஷ்ஷைவிட உள்விட்டம் கொஞ்சம் பெரிசா ஒரு குழாய்த் துண்டு, லேத்துல கேட்டா வெட்டித் தருவாங்க. ஒரு பக்கம் புஷ், அந்தப் பக்கம் குழாய்த் துண்டு, நடுவுல கம்பி. நட்டை முறுக்க முறுக்க உறை நேரா உள்ள போகும். வாஷர் வெளி உறையை அழுத்தணும், ரப்பரையோ உள் குழாயையோ அழுத்தக்கூடாது. கோணலாப் போற மாதிரி தெரிஞ்சா உடனே நிறுத்தி எடுத்துட்டு மறுபடி.

போல்ட்டையும் ஷாக்கிள் பின்னையும் துடைச்சு நகத்தால ஓட்டிப் பாருங்க. நகம் எங்கயாவது தடுக்கினா அதையும் மாத்தணும், பள்ளம் விழுந்த பின்ல புது புஷ் நிக்காது. தாங்கி பாடியில ஒட்டுற இடத்தை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாத்தையும் தாங்குது. 2018ல கஜா புயலுக்கு அப்புறம் ஈரத்துலயே நின்ன வண்டி ஒண்ணு எங்கிட்ட வந்துச்சு. மேல பெயிண்டு பளபளன்னு இருக்கு, குத்தினா ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ள போகுது. அப்படி இருந்தா புஷ்ஷை விட்டுட்டு முதல்ல வெல்டிங்காரரைப் பாருங்க.

எல்லாம் பூட்டினதும் நட்டைக் கையால மட்டும் ஓட்டி வைங்க. ஸ்டாண்டைப் பாடிக்கு அடியிலேருந்து எடுத்து ஆக்சிலுக்கு அடியில மாத்துங்க. இப்ப வண்டியோட பாரம் பட்டை மேல உக்காந்துடுச்சு, கீழ படுக்கவும் இடம் இருக்கு. ஸ்டாண்டு சரியா உக்காந்திருக்கான்னு தள்ளிப் பார்த்துட்டு, டிக்கியை நாலு தடவை அமுக்கி விடுங்க. அப்புறம் முறுக்குங்க.

தஞ்சை பத்மினி:

ரப்பர்தானே திரும்பத் திரும்பப் போகுது? என் மாமா டிராக்டர் டிரெய்லருக்கு லேத்துல நைலான் புஷ் கடைஞ்சு போட்டாரு, அஞ்சு வருஷமா அப்படியே இருக்கு. காருக்கும் அதையே போடலாமே? எனக்கும் என் பத்மினி காருக்கு அந்த யோசனை இருக்கு, அதுக்கும் பின்னாடி பட்டைதானே.

நாகை பழைய பட்டறை:

டிரெய்லருக்குச் சரி தம்பி. காருக்கு வேண்டாம்னு சொல்வேன். ஒரு சக்கரம் மட்டும் மேட்டுல ஏறுறப்ப ஆக்சில் சாயுது, பட்டையும் அதோட சேர்ந்து திருகுது. ரப்பர் எல்லாப் பக்கமும் விட்டுக் குடுக்கும். நைலான் தன் அச்சுல மட்டும்தான் சுத்தும். மத்த விசையெல்லாம் பின்னையும் தாங்கியையும் போய் அடிக்கும். ரோட்டுச் சத்தம் அப்படியே சீட்டுக்கு வரும். நம்ம களிமண் தூசி நைலானுக்குள்ள புகுந்துச்சுன்னா உப்புத்தாள் மாதிரி பின்னை அராவிடும். பாலியூரிதேன் புஷ் தனி ரகம், அது பின் மேல வழுக்கிச் சுத்தறது, சிலிகான் கிரீஸ் போட்டே பூட்டணும். வேகமா ஓட்டுறவங்க விரும்புவாங்க. வளைகாப்புப் பொண்ணை உக்கார வச்சு ஓட்டுற வண்டிக்கு ரப்பர்தான் சுகம்.

பாமணியாற்றங்கரை:

ஐயா, வேலை முடிஞ்சுது. மூணு நாள் ஆச்சு. நடந்ததை எழுதறேன், இன்னொருத்தருக்கு உதவும்.

ஜாமான் மன்னார்குடியில கிடைக்கலை. திருச்சியில கேட்டதுல ஷாக்கிள் ரப்பர் மட்டும் இருந்துச்சு. முன் கண் புஷ்ஷுக்குச் சென்னை ஜி.பி. ரோட்டுல சொல்லி வச்சு பஸ் பார்சல்ல வந்துச்சு. வெர்னியர் வச்சு உள் குழாய் நீளத்தையும் கண்ணோட அகலத்தையும் அளந்தேன். நீங்க சொன்ன மாதிரியே குழாய் ஒரு இழை கூட.

இடதுபக்கம் முதல்ல. ஷாக்கிள் நட்டு ரெண்டும் ரெண்டு நாள் ஆயில்ல ஊறினதால சத்தம் போட்டுக்கிட்டே கழண்டுச்சு. முன் போல்ட் மட்டும் வரலை. அரை மணி நேரம் போராடினேன். ஜாக்கியை அரை அங்குலம் இறக்கினேன், அவ்வளவுதான், விரலால தள்ளினா வெளிய வருது. ஜாக்கி உயரம் பத்தி நீங்க எழுதினதோட அர்த்தம் அந்த இடத்துலதான் எனக்கு விளங்குச்சு.

பழைய புஷ்ஷைக் கழட்டிக் கையில வச்சுப் பார்த்தப்ப கிழிசல் சாய்வா, முறுக்கு மாதிரி சுத்திப் போயிருந்துச்சு. உள்ள கிரீஸ், கறுப்பு அல்வா மாதிரி. அதே கடையில வாங்கின மீதி புஷ் ஒண்ணு வீட்டுல இருந்துச்சு, அதை நகத்தால அமுக்கினா கெட்டியா, நல்லாத்தான் இருக்கு. போன தடவை கடைக்காரரைத் திட்டினது தப்பு.

உறை அறுக்கறதுக்குத்தான் நேரம். ஒரு பக்கத்துக்கு ரெண்டு மணி நேரம், மூணு பிளேடு. சுரம் மாறும்னு சொன்னீங்களே, அது நிஜம். கரகரன்னு வந்துக்கிட்டு இருந்தது திடீர்னு கீச்சுன்னு ஆச்சு, நிறுத்திட்டேன். கண்ணுல கீறல் இல்லை. முன் போல்ட்டுல நகம் தடுக்குச்சு, ஒரு பக்கம் லேசா பள்ளம். ரெண்டு பக்கத்துக்கும் புதுசு போட்டேன். தாங்கியில ஸ்க்ரூடிரைவர் போகலை.

நட்டை முறுக்கறதுக்கு முன்னாடி, ஆக்சிலை ஸ்டாண்டுல உக்கார வச்ச நிலையில, ஒரு விஷயம் செஞ்சேன். வெள்ளை பெயிண்டு எடுத்து முன் கண் விளிம்புலேருந்து தாங்கி மேல வரைக்கும் ஒரே நேர்க்கோடா இழுத்தேன். காஞ்சதும் முறுக்கினேன். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டு வண்டியை மறுபடி பாடியில தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டேன். கோடு ரெண்டாப் பிரிஞ்சு, கண் மேல இருக்கறது ஒரு பக்கமா நகர்ந்து போச்சு, கிட்டத்தட்ட ஒரு சுண்டுவிரல் அகலம். கீழ இறக்கினேன், கோடு வந்து சேர்ந்துடுச்சு. அப்பா குத்துக்கால் போட்டு உக்காந்து நாலு தடவை இறக்கி ஏத்தச் சொன்னாரு. "போன தடவை இத்தனை முறுக்கோடயா எட்டு மாசம் ஓடுச்சு?"ன்னு கேட்டாரு. அந்தக் கோடு அப்படியே இருக்கு. இனிமே கீழ பார்த்தா போதும், வண்டி நிக்கறப்ப கோடு பிரிஞ்சிருந்தா புஷ் போயிடுச்சுன்னு தெரியும்.

ஒரு சந்தேகம். விதைநெல், உரம்னு அப்பா டிக்கியில மூட்டை ஏத்துவாரு. பாரம் வச்சு முறுக்கியிருக்கணுமா?

நாகை பழைய பட்டறை:

கோடு போட்டது அருமையான வேலை தம்பி. முப்பத்தோரு வருஷத்துல நான் வாடிக்கைக்காரர் யாருக்கும் இப்படிக் காட்டினதில்லை, நாளைக்கே பட்டறையில ஒரு வண்டிக்குப் போட்டு என் பையனுக்குக் காட்டப் போறேன்.

மூட்டை விஷயம். எப்பவாவது ஏத்துறதுன்னா வேண்டாம், காலி வண்டியா முறுக்கினது சரி. தினமும் பின்னாடி நாலு பேரு, டிக்கியில சாமான்னு ஓடுற வாடகை வண்டின்னா பாரம் வச்சு முறுக்கறது நல்லது. வண்டி அதிக நேரம் எந்த உயரத்துல இருக்கோ அதுதான் கணக்கு. 500 கிலோமீட்டர் ஓடினதும் அதே மாதிரி ஆக்சில்ல நிறுத்தி எல்லா நட்டையும் ஒரு தடவை பாருங்க, யு போல்ட்டையும் சேர்த்து.

குடந்தை மார்க் 2:

அளந்து பார்த்தீங்களா? ரெண்டு பக்கமும் சமமா வருதா?

பாமணியாற்றங்கரை:

பார்த்தேன் அண்ணே. புஷ் மாத்துறதுக்கு முன்னாடி இடதுபக்கம் 8 மில்லிமீட்டர் பின்னாடி இருந்துச்சு, இப்ப 1 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பிரேக்குல ஒதுங்கறது நின்னுடுச்சு. நேத்து அம்மாவைப் பின்னாடி உக்கார வச்சு நீடாமங்கலம் கேட் வரைக்கும் போயிட்டு வந்தோம். தண்டவாளம் தாண்டி ரெண்டு பேரும் பேசாம காதைக் கூர்மையாக்கி உக்காந்திருந்தோம். டயர் சத்தம் மட்டும்தான்.

வலதுபக்கம் ரெண்டாவது பட்டையோட நுனி, மேல் பட்டையை உரசி உரசிப் பள்ளமாகியிருக்கு. விரிசல் இல்லை. வளைகாப்பு முடிஞ்சு, நடவும் முடிஞ்சதும் அதைக் கழட்டறேன். அப்ப இங்கயே வந்து கேக்கறேன்.